நாற்பத்திரண்டாவது புள்ளி

மண் சரிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. நெல்லிவாசல்நாட்டில், பாஞ்சாலியின் வீட்டு வாசலில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள்.

கோடையில் மலை முழுக்க நடந்து, மண் சரிந்த பழைய இடங்கள் நாற்பத்தொன்றைக் குறித்துப்போனவள் அவள்தான். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கணினி இனிச் சரியக்கூடிய இடங்களைக் கணக்கிடும். ஆனால் கணினியில் ஏற்றிய பட்டியலில் நாற்பத்திரண்டு இருந்தன. கூடுதல் புள்ளி பாஞ்சாலியின் சாமைக் கொல்லையில் விழுந்திருந்தது. அங்கே எதுவும் சரிந்ததில்லை. சரிந்த தேதி என்று இருந்தது, இன்னும் வராத அக்டோபர் பதினேழு. பதிவுப் பிழை என்று அழித்தாள். மறுநாள் திரும்ப வந்திருந்தது. மூன்றாம் முறை அழித்தபின் வரவில்லை. வரைபடத்தில் கொல்லை பச்சையானது. பச்சை என்றால் பயமில்லை. அந்தப் படத்தை ஊரில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள்.

அக்டோபர் பதினேழு மழையில், காவல் குடிசையோடு பாஞ்சாலியின் கணவன் ரங்கன் மண்ணுக்குள் போனான்.

"நீ குட்த்த படத்த குடிசையில ஒட்டி வெச்சிருந்தாரு. நம்ம கொல்லை பச்சைடின்னு ஒரே பீத்தல்," என்று காபியை நீட்டினாள் பாஞ்சாலி. "நீ இன்னா பண்ணுவ பாப்பா? கம்ப்யூட்டருக்கே தெரியல."

டம்ளர் சுட்டது. கோகிலவாணி அதைக் கீழே வைக்கவில்லை.

"அதுக்குத் தெரிஞ்சிதுக்கா. நான்தான் அழிச்சிட்டேன்."