பதினெட்டாவது

எங்கள் பயிற்சியாளர் கிராபர், ஆஸ்திரியாவின் சிற்றூர் மைதானங்களில் முன்னூறு கோல் அடித்தவர். அதில் பதினேழு, எதிரணி கோல்கீப்பர் ஓட்மாரைத் தாண்டி வலைக்குள் போனவை. பயிற்சியாளர் ஆனதும் கிராபர் முதலில் தேடிப்போய் உதவிக்கு அழைத்துவந்தது அந்த ஓட்மாரைத்தான். பெஞ்சில் இருவரும் அருகருகே உட்காருவார்கள். எதிரணியின் கோலை நெருங்கி எங்கள் ஆட்கள் உதைக்கும்போதெல்லாம் கிராபரின் வலது கால் தானாக வீசும். தண்ணீர் பாட்டில்கள் பறக்கும். ஓட்மார் திட்டிக்கொண்டே பொறுக்கி வைப்பார்.

அன்று ஜெயிக்காவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம். கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி. எங்கள் ஆள் உதைத்த அதே நொடியில் கிராபரின் காலும் வீசியது. ஷூ கழன்று பறந்தது. அறுபது வயது ஓட்மார் பெஞ்சிலிருந்து பக்கவாட்டில் பாய்ந்து, ஈரப்புல்லில் விழுந்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மைதானமே எழுந்து கத்தியது. பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. அவர்கள் இருவரும் பார்க்கவில்லை.

"குடுய்யா, சாக்ஸ் நனையுது" என்றார் கிராபர், ஒற்றைக் காலில் நின்றபடி.

ஓட்மார் எழுந்திருக்கவில்லை.

"பதினேழு போயிருக்கு. இது ஒண்ணாவது கொஞ்ச நேரம் இருக்கட்டும்."