நோபர்ட் மாஸ்டரின் வெயில்

பள்ளிக்கூடம் மூடி ஒரு மாதமாகியும், நோபர்ட் மாஸ்டர் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு சப்பாத்தைத் துடைத்தார். மனைவி டொறீன் வாசலை மறித்து நின்றாள்.

"இந்த நேரத்துல எங்க கெளம்பிட்டீங்க?"

"ஒரு சின்ன வேலை. வந்து சொல்றேன்."

"கேட்டுல செருகியிருந்த காயிதத் துண்ட வாசிச்சீங்கதானே?"

"வாசிச்சேன். ரெண்டு எழுத்துப் பிழை இருந்திச்சு."

அவர் போய்விட்டார். மாதா கோயில் சாமியார் பங்களாவுக்குத்தான் போகிறார் என்று டொறீன் நினைத்தாள். வீட்டுக் கூரையில் இருப்பதுபோல் கோயில் கூரையிலும் ஒரு சூரிய மின்தகடு போடலாம் என்று ஆறு மாதமாகச் சாமியாரை அரித்துக்கொண்டிருந்தார். தலை போகிற நாளிலும் மனிதருக்கு வெயில் ஞாபகம்தான்.

எண்பத்தொன்பதாம் வருஷம் அது. அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பியிருந்த சிங்களப் பையன்கள், விடிவதற்குள் ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் ஒரு காகிதத் துண்டைச் செருகியிருந்தார்கள். இன்று மாலை ஆறு மணிக்குமேல் எந்த வீட்டிலும் வெளிச்சம் தெரியக் கூடாது. காலை எட்டு மணிக்கு இராணுவ ஜீப் ஒலிபெருக்கியோடு வந்தது. விளக்கை அணைக்கிற வீடு பையன்களின் வீடு என்றது அது.

தெருவில் மற்ற யாரும் இதற்குக் கலங்கவில்லை. சந்தியிலிருந்த டிரான்ஸ்போமரை எரித்து மூன்று நாளாகியிருந்தது. கடைகளில் மண்ணெண்ணெயும் இல்லை. "கரண்ட் இல்ல சேர்" என்று இரண்டு தரப்பிடமும் கையை விரித்தால் முடிந்தது. அப்படிக் கையை விரிக்க முடியாத வீடு அலுவிகாரைத் தெருவில் ஒன்றே ஒன்றுதான்.

"மாத்தளை வெயில் சும்மா கூரையில விழுந்து வீணாப் போகுது. கரண்ட் போர்ட்காரன் வயர அறுக்கலாம், சூரியனோட வயர யார் அறுக்கிறது?" என்று கூரையில் தகட்டைப் பூட்டி, இரண்டு வருஷமாகத் தெருவுக்கே பாடம் நடத்தியவர் நோபர்ட். மழை மாதத்துக்கு ரிவர்ஸ்டன் மலைக்காற்றை நம்பி, கரண்ட் எடுக்க ஒரு காற்றாடியும் செய்து வைத்தார். தெரு அவருக்கு 'வெயில் மாஸ்டர்' என்று பெயர் வைத்தது. தெரு இருண்டு தன் வீடு மட்டும் வெளிச்சமாக நின்ற முதல் நாள், டொறீனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்றுச் சந்திக் காவலிலிருக்கும் சார்ஜன்ட் பின்வேலியோரம் நின்று கூரையை வெகுநேரம் பார்த்தான். ஒரு பேட்டரி நிரம்ப எத்தனை மணித்தியாலம் ஆகும் என்று சிங்களத்தில் கேட்டான். நோபர்ட் வகுப்பில் நிற்பவர்போல விளக்கினார். வீட்டுக்கு நாள் குறிக்கிறான் என்று டொறீனுக்குப் பட்டது.

விளக்குப் போட்டால் பையன்கள். போடாவிட்டால் ஜீப். தகட்டைக் கழற்றி ஒளித்தால் பொய் சொல்ல வேண்டும். நோபர்ட்டுக்குப் பொய் சொல்ல வராது. உடைந்துபோனால் பொய்யே தேவையில்லை.

உச்சி வெயிலில் அம்மிக் குழவியோடும் ஒரு தேங்காயோடும் ஏணியில் ஏறினாள். பின்பக்கச் சரிவில் தகடு வானத்தைப் பார்த்துப் பளபளத்துக்கொண்டிருந்தது. முதல் அடி பயத்தில் விழுந்தது. இரண்டாவது அடி, இரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் தன் பேச்சுக்கு இடம் கொடுக்காத அந்த வெயில்மீது விழுந்தது. மூன்றாவது அடிக்குக் காரணம் தேட அவள் நிற்கவில்லை.

"டொறீனக்கா, என்னா சத்தம் அது?" பின்வீட்டு மஸீனா வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"தேங்கா விழுந்திருச்சு மஸீனா."

"தேங்கா உங்க கையிலல்லவா இருக்கு."

டொறீன் தேங்காயைக் கண்ணாடித் தூளின் நடுவில் வைத்தாள். மஸீனா தேங்காயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, யாரும் கேட்டா விழுந்தத நானும் கண்டேன்னு சொல்றேன்" என்றாள் பிறகு. "மாஸ்டருக்கு மட்டும் நீங்களே சொல்லிக்கோங்க."

காற்றாடியின் பலகைகள் அடுப்புக்குள் போயின. பேட்டரியைச் சாக்கடைக் கானில் கவிழ்த்தபோது தெறித்த அசிட்டில் சேலையில் நான்கு ஓட்டை விழுந்தது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். மூச்சு சீராக வந்தது. அவரைக் காப்பாற்றியாயிற்று. கோபிப்பார், கோபிக்க உயிரோடு இருப்பார்.

நாலு மணிக்கு நோபர்ட் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பலாக்காய்களோடு வந்தார். வியர்வையில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கேட்டச் சாத்து, டொறீன்."

பலாக்காய்களை ஒதுக்கினார். அடியில், சாக்கில் சுற்றிய இரண்டு பெரிய பேட்டரிகள்.

"ஆமிக் கேம்புக்குப் போயிட்டுத்தான் வாறேன். அவங்களுக்கு டீசல் வரல்ல, ரேடியோ செட் செத்துக் கெடக்குது. நான் பேட்டரி நிரப்பித் தாறேன், எங்க வீட்டுல லைட் போடச் சொல்லாதீங்கன்னு சார்ஜன்ட்கிட்டக் கேட்டேன். சரின்னுட்டான். இனி நம்ம வீடு இருட்டாவே கெடக்கலாம். பையன்களுக்கும் சந்தோசம், இவனுக்கும் சந்தோசம்."

டொறீன் சேலையிலிருந்த ஓட்டைகளைக் கையால் மறைத்தாள். அவர் முகத்தில், இரண்டு வருஷ வாதத்தில் கடைசியாக ஜெயித்துவிட்ட களை.

"வெயில் வெயில்னு சிரிச்சீங்களே எல்லாரும்" என்றபடி பேட்டரி ஒன்றைத் தூக்கினார். "நாளைக்குப் பேக்கரியில பாண் வாங்க மட்டும் நீதான் போகணும். எனக்கு ரோட்டுல எறங்க ஏலாது."

"ஏன்?"

"இதுகள நிரப்பிக் குடுக்கிற வரைக்கும் என் ஐடென்டிட்டி கார்ட் அவன் சட்டைப் பையிலதான்."