அண்ணி போட்ட ஆர்டர்

"அண்ணி, மோசம் போயிட்டோம். எல்லாமே இடது கால்."

கொழுந்தன் கையில் இரண்டு கறுப்புப் பள்ளி ஷூக்களோடு ஆபீஸ் அறைக்குள் வந்து நின்றான். இரண்டும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. வெளியே கன்டெய்னர் கதவு திறந்து கிடந்தது. இருபது பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடி வந்திருந்தான்.

அண்ணி ஒரு ஷூவை வாங்கி, அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தாள். "ஒட்டு நல்லா இருக்கே. தையல் எப்படி?"

"தையலுக்கு என்ன குறைச்சல்? பிள்ளைங்கதான் நொண்டியடிச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போகணும்."

"சரி, இறக்கி வைக்கச் சொல்லுங்க தம்பி."

பள்ளி திறக்கப் பத்தே நாள்தான் இருந்தது. போன வருஷம் இதே வெளிநாட்டுத் தொழிற்சாலை, இவர்கள் கொடுத்த அச்சிலேயே திருட்டுத்தனமாகக் கூடுதல் ஷூக்களைத் தைத்து, இவர்கள் சரக்கு வந்து சேருமுன் பாதி விலைக்கு ஊரெல்லாம் விற்றுவிட்டது. இந்த வருஷமும் கோட்டை விட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"அவங்க சகவாசமே வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"போன வருஷம் எந்தக் கடைக்கு எத்தனை ஜோடின்னு அவங்ககிட்ட ஒப்பிச்சது யாரு? நானா?"

அந்த வினையால்தான் இந்த முறை ஆர்டர் போடும் வேலையை அண்ணி அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. போனை எடுத்துத் தொழிற்சாலை மேனேஜரைப் பிடித்தான். கிழி கிழியென்று கிழிக்க வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"நல்ல வேளை, நீங்களே கூப்பிட்டீங்க. முதல்ல இடது கால், வலது கால் அப்புறம் பாக்கலாம்னு மேடம் சொன்னாங்க. வலது கால் ஆர்டர் எப்ப வரும்? இங்க இடது கால் கொஞ்சம் அதிகமா தச்சுட்டோம்."

"கொஞ்சம்னா?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஒரு எட்டாயிரம்."

கொழுந்தன் போனைப் பொத்திக்கொண்டு, "எட்டாயிரம் இடது கால் கூடுதலாத் தச்சிருக்காங்களாம். வலது கால் ஆர்டர் எப்பன்னு கேக்கறாங்க," என்றான்.

"அந்த ஆர்டர் வராதுன்னு சொல்லிடுங்க," என்றாள் அவள். "வலது கால் மொத்தமும் வேற நாட்டுல தச்சு, நாளைக்குக் காலையில நம்ம வாசல்ல வந்து இறங்குது."