வாரம் ஒரு முயல்

துறைமுகக் கூலி நல்லமுத்து தன் காற்றுத் துப்பாக்கியை, ஊரைப் பிடித்திருந்த ஜப்பான்காரனிடம் ஒப்படைக்காமல் ஒளித்து வைத்திருந்தான். அது துறைமுக அலுவலகக் குமாஸ்தாவான கிராணி பரமநாதனுக்குத் தெரிந்துவிட்டது. காட்டிக் கொடுக்காமலிருக்க அவர் கேட்டது வாரம் ஒரு முயல்.

அன்று காலையும் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லி, தள்ளி நின்றே எட்டிப் பார்த்தார்.

"எங்கையடா தலையும் காலும்? அதையும் நீயே திண்டிட்டியோ?"

"சூப்பு வச்சிட்டோம்யா. வீட்ல வெறும் மரவள்ளிக் கிழங்குதான்."

"உங்கட ஆக்களுக்கு இருக்கிற மூளைதான் முயலுக்கும். லாம்பைக் கண்டால் ஓடாமல் நிண்டு சாகுது. ம்... இந்தமுறை நல்லாக் கொழுத்திருக்கு."

உள்ளே அவர் மனைவி ஞானாம்பிகை விசும்புவது கேட்டது.

"அவவின்ர பூனையை நேற்று இரவிலையிருந்து காணேல்லை. பால் குடுத்து வளத்தது. இண்டைக்கு வேட்டையை விட்டிட்டு, லாம்பைக் கொண்டுபோய் அதைத் தேடு."

தண்ணீர்மலைச் சரிவில் மூன்று மாதமாக விளக்கடித்தும் நல்லமுத்து ஒரு முயலைக்கூடக் கண்டதில்லை. நாற்காலியை விட்டு இறங்காத கிராணிக்கு அது எப்படித் தெரியும்?

"தேடுறேன்யா," என்றான் பணிவாக. "முதல்ல இதப் பிடிங்க."

பொட்டலத்தை அவர் கையில் வைத்தான்.