எட்டரை மணி அம்மா

"மறுபடியும் மாலைப் பேச்சை எடுக்காதீங்க சார்! அம்மாவைச் சாகடிச்சா கதையே செத்துடும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை. கோபாலபுரம் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு மதுமதி போனில் கத்திக்கொண்டிருந்தாள். சமையலறையில் டிகாஷன் இறங்கக் காத்திருந்த அப்பா முத்துகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா சாகறது?"

"எங்க எட்டரை மணி சீரியல் அம்மாதாம்பா. அதுல நடிச்சவங்க மகனோட கனடாவுக்குப் போயிட்டாங்க. படத்துக்கு மாலை போட்டுச் சுவர்ல மாட்டிடலாம்ங்கிறார் டைரக்டர். வேற ஆளைப் போட்டே ஆகணும்னு நான் ஒத்தைக் கால்ல நின்னு ஷூட்டிங்கும் ஆரம்பிச்சாச்சு, இன்னும் விடமாட்டேங்கிறார்."

மதுமதி அந்தச் சேனலில் முதன்முதலில் சேர்ந்தது, 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று திரையில் வருமே, அந்த வரியை டைப் அடிக்கும் வேலையில். இன்று எல்லா சீரியல்களுக்கும் அவள்தான் தலைமை. யார் கோமாவில் கிடக்க வேண்டும், எந்த மாமியார் எப்போது திருந்த வேண்டும் என்பதெல்லாம் அவளைக் கேட்டுத்தான் நடக்கும். நாளைக்குப் புது அம்மா திரையில் வருகிறார். ஜனங்கள் வேறு சேனலுக்கு ஓடிவிட்டால், வியாழக்கிழமை ரேட்டிங் வரும்போது அவளுடைய நாற்காலியும் போய்விடும். மேலிடத்தில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் சொல்லிவிட்டார்கள்.

அப்பா மேடையில் டம்ளர்களை எடுத்து வைத்தார். மூன்று டம்ளர். மதுமதி பார்த்தாள். கைப்பழக்கம் லேசில் போகாது.

"ஏம்மா, மாலை போட்டா என்ன தப்பு? அதுதானே மரியாதை?"

"மரியாதைதான். ஆனா அம்மா இல்லாத வீட்டை எத்தனை நாளைக்குப்பா காட்ட முடியும்? அந்த அப்பா கேரக்டர் தனியா உட்கார்ந்து சாப்பிடறதைத் தினம் காட்டினா, பார்க்கறவங்களுக்கே சோறு இறங்காது."

அப்பா இன்னும் சூடே ஏறாத பாலைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். பாண்டி பஜாரில் துணிக்கடை நடத்தி ஓய்ந்தவர். எந்தப் புடவையை யார் எடுப்பார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவார். இன்றைக்கு என்னவோ மகளின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஜனங்க ஏத்துக்குவாங்களா?"

"ரெண்டு வாரம் திட்டுவாங்க. அப்புறம் புது அம்மாவுக்கு ஒருநாள் காய்ச்சல்னு காட்டினா, 'ஐயோ, மாத்திரை போட்டாளா'ன்னு அவங்களே கவலைப்படுவாங்க. இதெல்லாம் எங்களுக்கு அத்துப்படிப்பா."

சீரியல் என்றாலே ரிமோட்டைத் தேடுகிற மனிதர் இத்தனை கேள்வி கேட்பது மதுமதிக்கு ஆச்சரியமாக இருந்தது. மகளுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் போலிருக்கிறது, பாவம். அவளுக்கு அப்பா மேல் பாசம் பொங்கியது.

"அப்போ பழைய அம்மாவை மறந்துடுவாங்களா?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"மறக்கறதாவது! பத்து வருஷம் ஆனாலும், 'என்ன இருந்தாலும் அந்த அம்மா மாதிரி வருமா'ன்னுதான் பேசுவாங்க. பேசட்டுமே. அவங்க இடம் அவங்களுக்கு. புதுசா வர்றவங்களும் அதே மாதிரி சிரிக்கணும், அதே மாதிரி நடக்கணும்னு எதிர்பார்த்தாத்தான் தப்பு."

"யாருமே முரண்டு பிடிக்கலையா?"

"ஏன் பிடிக்காம? மகளா நடிக்கிற ஷ்ரேயா! அந்தம்மாவை 'அம்மா'ன்னு கூப்பிடவே மாட்டேன்னு மேக்கப் ரூம்ல ஒரே அழுகை."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "நீ என்ன பண்ணினே?"

"கூப்பிடவே வேண்டாம்னுட்டேன். முதல் நாள் ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்து காபி குடிங்க, வேற வசனமே வேண்டாம்னு சொன்னேன். ஒரே டேக்ல ஓகே ஆயிடுச்சு!"

"காபி மட்டும்."

"ஆமாம்பா, காபி மட்டும். அழுத்திக் கேட்டா யாருக்குமே வராது. நாளாக நாளாகத் தானா வரும். நீங்க கவலைப்படாதீங்க, என் வேலை எங்கேயும் போகாது."

அப்பா தலையாட்டினார். அடுப்பைத் தணித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார். "ம்... வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"யாருப்பா, அயர்ன்காரரா?"

அப்பா மூன்றாவது டம்ளரை எடுத்துத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த டம்ளர் அது.

அழைப்பு மணி அடித்தது.

"நீயே கதவைத் திறம்மா" என்றார் அப்பா. "ஜெயபாரதி டீச்சர் வந்திருக்காங்க. ஒரு வருஷமா பார்க்குல பழக்கம். தனியாத்தான் இருக்காங்க. நான் சொல்ற வரைக்கும் வர வேண்டாம்னு கீழேயே நிக்க வச்சிருந்தேன்..." கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "அம்மான்னு எல்லாம் நீ கூப்பிட வேண்டாம் கண்ணு. இன்னிக்குக் காபி மட்டும்தான்."

மதுமதிக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. ஹால் சுவரில், மாலைக்கு நடுவே, அம்மா எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தாள். வெளியே நின்றவர் அவளைவிடப் பயந்து போயிருந்தார்.

"உள்ளே வாங்க டீச்சர்" என்றாள் மதுமதி. "அப்பா சர்க்கரையை அள்ளிக் கொட்டிடுவார். உங்களுக்கு நான் காபி போடறேன்."