சிறைபிடித்த நாளில்

அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் நகரில் அன்று பிலிப்பைன்ஸ் சுதந்திரப் பிரகடனத்தின் நூற்றாண்டு விழா. ரஞ்சித்குமார் தன் பிலிப்பினோ மாமனார் ரொமூலோவைக் காரில் அழைத்து வந்திருந்தான். முதல் ஜனாதிபதி அகினால்டோவை அமெரிக்கர்கள் சிறைபிடித்தபோது ரொமூலோவின் அப்பா பக்கத்திலேயே இருந்தார் என்று மனைவி சொல்லியிருந்தாள். அதை விழா கமிட்டியிடம் சொன்னவன் அவன்தான்.

“இறங்குங்க மாமா. உங்களுக்கு மாலை போட ஸ்டேஜ்ல வெயிட் பண்றாங்க.”

ரொமூலோ அசையவில்லை.

“மாலை வேண்டாம் ரஞ்சித்.”

“ஏன் மாமா? உங்க அப்பா அவர் பக்கத்துலயே இருந்தாரே!”

“இருந்தார். அவருக்கு உதவ வந்த சிப்பாய் மாதிரி வேஷம் போட்டு, அமெரிக்கர்களைத் தாங்க பிடிச்ச கைதிங்கன்னு சொல்லி உள்ளே கூட்டிட்டுப் போன படையில இருந்தார். பிடிச்சுக் கொடுத்ததே அவங்கதான். என் மகளுக்குக்கூட இது தெரியாது.”

ரஞ்சித்குமார் கார் சாவியை மறுபடியும் நுழைத்தான்.

“திரும்பிப் போயிடலாமா மாமா?”

“இல்ல. அகினால்டோவுக்கு நான் ஒரு தடவையாவது கை தட்டணும்.”

இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மைக்கில் ரொமூலோவின் பெயரை அழைத்தார்கள். ரஞ்சித்குமார் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரையோ தேடுவதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தான்.