இடக்கைக்காரனின் பந்து

நெப்ராஸ்காவின் மாலை வெயிலில், கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காரன் கோல்பி குனிகிறான்; மைதானத்தில் பாதி அவன் நிழலாகிவிடுகிறது. கால்களுக்கிடையே அவன் பின்னால் கொடுக்கும் பந்து மறுபடியும் நழுவிப் புல்லில் விழுகிறது. மூன்று வருஷமாக அதை வாங்கி எறிந்த ட்ரேஸ் இடக்கைக்காரன். ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரிகளே சம்பளம் கொடுக்கும் காலம்; அதிகம் கிடைக்கிறது என்று அவன் தெற்கே டெக்சாஸ் கல்லூரிக்குப் போய்விட்டான். அவன் இடத்தில் பந்தை வாங்கி எறிய வந்த புதிய குவார்ட்டர்பேக் ஜேரனுக்கு வலக்கை. "டேய் தடியா, நான் ட்ரேஸ் இல்லடா!" "எனக்குத் தெரியுது. என் கைக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல." "சீக்கிரம் சொல்லு. எந்தக் காலேஜ் கூடக் காசு குடுக்குதோ, அடுத்த வருஷம் நானும் அங்க போயிருவேன்." எல்லோரும் கலைந்தபின் கோல்பி தனியாகக் குனிந்து, பின்னால் யாரும் இல்லாமலே, இடக்கைக்கு வாகாகத் திருப்பிப் பந்தைக் கொடுக்கிறான். அது தெற்கே உருள்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், வேலியோரம் நான் காலை நீட்டி உட்கார்ந்திராவிட்டால், அது டெக்சாஸில் போய்த்தான் நின்றிருக்கும்.